தகடு அடிக்கும் பிரஸ்ஸில் குறை வந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கோவையில் மோட்டார், பம்ப் தயாரிப்பாளர்களுக்கு ஃபேன் கவர், டெர்மினல் பாக்ஸ், கிளாம்ப், வாஷர் ஆகியவற்றை அடித்துக் கொடுக்கும் சிறிய பிரஸ் ஷாப் ஒன்றில், ஒரே வகையான குறைகளைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் உருவானவை இந்தக் குறிப்புகள். புதிதாகப் பொறுப்பேற்கும் டை செட்டருக்கும் (டை எனப்படும் அச்சைப் பிரஸ்ஸில் பொருத்துபவர்) ஃபோர்மேனுக்கும் உதவும் வகையில், கண்ணில் படும் அறிகுறியை முதலிலும், அதற்கான காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கிச் செலவு மிகுந்தது வரையிலும் வரிசையாக வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் கைவைப்பதை நிறுத்திவிட்டு டூல் மேக்கரையோ பிரஸ் மெக்கானிக்கையோ பரிசோதனைக் கூடத்தையோ நாட வேண்டும் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான முதல் வேலை ஒன்றுதான்: டையைக் கழற்றுவதற்கு முன் தகட்டின் தடிமனை அளக்க வேண்டும். நேற்று வரை நன்றாக ஓடிய டை இன்று காலையில் திடீரென்று குறை காட்டினால், ஒரே இரவில் டை தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் காயில் (சுருளாக வரும் தகடு) மாறியிருக்கும்.

## எதைத் தொடுவதற்கும் முன்

பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் வெகுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். அது முழுவதும் நின்ற பிறகு, ராமுக்கும் (மேலும் கீழும் இயங்கி அடிக்கும் பகுதி) போல்ஸ்டருக்கும் (டை உட்காரும் மேசைத்தட்டு) இடையில் சேஃப்டி பிளாக்கை வைத்த பின்னரே கையை உள்ளே கொண்டுபோக வேண்டும். கீழே எங்கெல்லாம் டையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேனோ, அங்கெல்லாம் இந்த ஒழுங்கு முடிந்த பிறகுதான் என்று கொள்ளவும். இந்தத் தொழிலில் விரலை இழந்தவர்களை அறியாத பிரஸ் ஷாப் எங்கள் பகுதியில் இல்லை.

## தகட்டை அளக்கும் முறை

வெர்னியரால் தகட்டின் தடிமனை அளக்கக் கூடாது. ஸ்லிட்டிங் செய்த (காயிலைப் பட்டையாக நறுக்கிய) ஓரத்தில் இருக்கும் பிசிறு வெர்னியரின் தாடையில் சிக்கி, 1.20 இருக்க வேண்டிய தகட்டை 1.28 என்று காட்டிவிடும். 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டரை எடுத்து, அதன் முகங்களைத் துடைத்து, பூஜ்ஜியத்தைச் சரிபார்த்து, ஓரத்திலிருந்து குறைந்தது 15 மி.மீ. உள்ளே தள்ளி அளக்க வேண்டும். பட்டையின் இடப்பக்கம், நடு, வலப்பக்கம் என மூன்று இடங்களில் அளப்பது அவசியம். ஆலையிலிருந்து வரும் அகலமான காயிலில் நடுப்பகுதி சற்றுத் தடித்தும் ஓரங்கள் மெலிந்தும் இருக்கும் என்பதால், ஓரத்திலிருந்து ஸ்லிட் செய்த பட்டையில் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிதாகவும் அமைந்துவிடுகிறது. காயிலின் தொடக்கமும் முடிவும் நடுப்பகுதியிலிருந்து வேறுபடுவதும் வழக்கம்.

மைக்ரோமீட்டரின் மேல் சந்தேகம் வந்தால் தராசு உதவும். எஃகின் அடர்த்தி 7.85 என்பதால், 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ இருக்கும். 300 மி.மீ. பக்கமுள்ள சதுரத் துண்டைச் சரியாக வெட்டி எடையிட்டால், 1.20 மி.மீ. தகட்டுக்கு ஏறக்குறைய 848 கிராம் வர வேண்டும். 790 கிராம் காட்டினால் அந்தத் தகடு 1.12 மி.மீ. தான். எடைக்கு வாங்கி எண்ணிக்கைக்கு விற்கும் தொழிலில் இந்தக் கணக்கு வேறு வகையிலும் பயன்படும்.

கேஜ் எண்ணைச் சொல்லித் தகடு வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. 16 கேஜ் என்று ஒருவர் கேட்டால், பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. முறையில் அது 1.63 மி.மீ.; அமெரிக்க எஃகுத் தகட்டு முறையில் 1.52 மி.மீ. 18 கேஜில் இரண்டு முறைகளும் ஏறத்தாழ 1.22 மி.மீ. என்று ஒத்துப்போவதால், அங்கே பழகியவர்கள் 16இல் ஏமாந்துவிடுகிறார்கள். ஆர்டரில் மில்லிமீட்டரையும் அனுமதிக்கும் கூடுதல் குறைவையும் எழுத வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. தகட்டை அளக்கும்போது பூச்சும் சேர்ந்தே அளவில் வரும்: இரு பக்கமும் சேர்த்து 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு கிராம்) பூச்சு என்றால் மொத்தம் சுமார் 0.017 மி.மீ., 275 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 0.039 மி.மீ.

இந்த அளவீட்டில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. டெர்மினல் பாக்ஸ் ஒன்றின் இரு பக்கச் சுவர்கள் 90 பாகைக்குப் பதிலாக 92க்கு விரிந்து வரத் தொடங்கின. பிரஸ்ஸில் நின்ற தம்பி, “அண்ணா, தகடு கைக்கு வேற மாதிரி படுதுங்க” என்று சொன்னதைக் காதில் வாங்காமல், டை இன்சர்ட்டின் (டையில் பொருத்தும் தனித் துண்டு) பின்னால் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து இடைவெளியைக் குறைத்து, அரை நாள் செலவிட்டு 90 பாகையைக் கொண்டுவந்தோம். அந்தக் காயில் தீர்ந்து அடுத்தது ஏறிய முதல் மணி நேரத்திலேயே சுவர்களில் ஆழமான கீறல்கள் விழுந்தன. இன்சர்ட்டின் முகத்தில் தகட்டு உலோகம் அப்பிக்கொண்டிருந்தது. பிறகு அளந்தால் முந்தைய காயில் 1.11, புதியது 1.21. தகடு மாறியதற்கு டையை மாற்றிவிட்டோம். சரியான தகடு வந்தபோது டை தவறாகிப்போயிருந்தது. அந்தத் தம்பியின் விரல்களுக்குத் தெரிந்தது எங்கள் மைக்ரோமீட்டருக்கும் தெரிந்திருக்கும், எடுத்துப் பார்த்திருந்தால்.

## அறிகுறி: வெட்டு விளிம்பில் பர்

எவ்வளவு பர் (வெட்டும்போது விளிம்பில் எழும் பிசிறு) இருந்தால் குறை என்பதை வரைபடம்தான் தீர்மானிக்கும். வரைபடத்தில் எதுவும் இல்லையென்றால், தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். 1.2 மி.மீ. தகட்டில் 0.12 மி.மீ. உயரத்துக்கு மேல் போனால் பிரஸ்ஸை நிறுத்துவோம்.

### பர் சுற்றிலும் சமமாக இருந்தால்

முதலில் தகட்டை அளக்கவும். மென் எஃகுக்கு ஒரு பக்கக் கிளியரன்ஸாக (மேலிருந்து இறங்கும் பன்ச்சுக்கும் கீழே உள்ள டைக்கும் இடையில் விடும் வெளி) தடிமனில் 6 சதவீதம் என்று வைத்துச் செய்த டையை எடுத்துக்கொள்வோம். 1.2 மி.மீ. தகட்டுக்கு அது 0.072 மி.மீ. அதே டையில் 0.8 மி.மீ. தகட்டை ஓட்டினால் இடைவெளி 9 சதவீதமாகிறது. விளிம்பு உருண்டு, தகடு வெட்டுப்படுவதற்கு முன் இழுபட்டு, பர் உயரமாக எழும். இதில் டையின் குற்றம் எதுவும் இல்லை.

தடிமன் சரியாக இருந்தால் முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குக் கருவி தேவையில்லை. பன்ச்சின் வெட்டு முனையை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், கூரான முனை ஒளியைத் திருப்பாது. மழுங்கிய முனையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னும். அந்தக் கோட்டின் குறுக்கே நகத்தை இழுத்தால், கூரான முனை நகத்தைச் சீவும், மழுங்கியது வழுக்கிவிடும். மழுங்கியது பன்ச்சா டையா என்பதையும் பர் இருக்கும் இடமே சொல்லிவிடும்: வெட்டுப்பட்டு விழுந்த பிளாங்க்கில் (தகட்டுத் துண்டு) பர் எழுந்தால் பன்ச் மழுங்கியிருக்கிறது, துளை விழுந்த பட்டையின் பக்கத்தில் பர் எழுந்தால் டை மழுங்கியிருக்கிறது, இரண்டிலும் எழுந்தால் இரண்டுமே. ஆகவே பிளாங்க், பட்டை இரண்டிலும் ஒவ்வொரு மாதிரியை எடுத்துவைக்காமல் டையைக் கழற்றக் கூடாது.

சாணை பிடிக்கும்போது வெள்ளைக் கோடு மறையும் வரை மட்டும் எடுத்தால் போதும், வழக்கமாக 0.1 முதல் 0.2 மி.மீ. வரை ஆகும். கூலன்ட் நன்றாகப் பாய வேண்டும், ஒவ்வொரு முறையும் மிகக் குறைவாகவே எடுக்க வேண்டும். முனையில் பழுப்போ நீலமோ படர்ந்தால் அந்த முனை சூட்டில் பதம் இழந்துவிட்டது. அது சீக்கிரமே மீண்டும் மழுங்கும், சில வேளைகளில் உடையும். சாணை பிடித்த உயரத்துக்கு ஈடாக அடியில் ஷிம் வைக்க மறக்கக் கூடாது. உயரம் குறைந்ததை ராமை இறக்கிச் சரிக்கட்டினால், அதே டை செட்டில் இருக்கும் மற்றப் பன்ச்சுகள் தேவைக்கு மேல் ஆழமாக இறங்கத் தொடங்கும்.

சாணை பிடித்த பிறகும் சில நூறு அடிகளுக்குள் பர் திரும்பினால், பன்ச்சின் கடினத்தன்மையைச் சோதிக்க வேண்டும். டி2 எனும் கருவி எஃகில் செய்த பன்ச் 58 முதல் 62 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடினத்தன்மை அளவு) வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் இது டூல் ரூமின் வேலை. உள்ளேயே மீண்டும் மீண்டும் சாணை பிடித்து பன்ச்சின் ஆயுளைத் தின்பதில் பயனில்லை.

### பர் ஒரு பக்கம் மட்டும் இருந்தால்

பன்ச்சும் டையும் மையம் விலகியிருக்கின்றன. ஒரு பக்கத்து இடைவெளி கூடி, எதிர்ப்பக்கத்தில் குறைந்திருக்கும். ஆனால் அதற்கு முன்பாக, பட்டையின் இரு ஓரங்களையும் அளந்து பார்க்க வேண்டும். ஓரப் பட்டையாக இருந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால், மையம் சரியாக இருந்தும் இதே தோற்றம் வரக்கூடும்.

அடுத்து டை செட்டின் அடியைத் துடைத்துப் பார்க்கவும். போல்ஸ்டருக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையில் சிக்கிய ஒரு துணுக்கு போதும், முழு அமைப்பும் சாய்ந்துவிடும். பிறகு போல்ட், டவல் பின்கள் (இடம் நகராமல் நிறுத்தும் முளைகள்) தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தால், மோட்டாரை அணைத்து, தகட்டுக்குப் பதிலாக ஒரு மெல்லிய காகிதத்தை வைத்து, ஃப்ளைவீலைக் கையால் சுழற்றி ராமை மெதுவாக இறக்கவும். இந்தச் சோதனைக்கு ராம் நகர வேண்டியிருப்பதால் சேஃப்டி பிளாக்கை எடுத்துவிட்டு, கைகளை முழுவதும் வெளியில் வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் ஒரு பக்கம் சுத்தமாக வெட்டுப்பட்டு மறுபக்கம் கிழிந்தோ மடிந்தோ நின்றால், எந்தத் திசையில் நகர்த்த வேண்டும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நகர்த்திச் சரிசெய்த பின்பும் இரண்டொரு நாளில் பர் அதே பக்கத்தில் திரும்பினால், டை செட்டின் மேல், கீழ்ப் பகுதிகளை நேராக வைக்கும் கைடு பில்லரும் புஷ்ஷும் தேய்ந்திருக்கலாம்; புஷ் மாற்றுவது நடுத்தரச் செலவு. அதுவும் சரியென்றால் ராமின் கிப்பில் (ராம் சறுக்கி இயங்கும் வழிப்பட்டை) ஆட்டம் இருக்கிறது. ராமில் டயல் கேஜை வைத்துப் பார்க்கலாம், ஆனால் கிப்பைச் சரிசெய்வது பிரஸ் மெக்கானிக்கின் வேலை. இறுக்கம் கூடினால் ராம் சூடேறிப் பிடித்துக்கொள்ளும் என்பதால், நாமே போல்ட்டைத் திருகிப் பார்க்கக் கூடாது.

### வெட்டுமுகத்தில் இரண்டு பளபளப்பான பட்டைகள் தெரிந்தால்

மென் எஃகில் நல்ல வெட்டுமுகம் என்றால், மேலே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பளபளப்பான பட்டையும் அதன் கீழே சொரசொரப்பாக முறிந்த பகுதியும் இருக்கும். பளபளப்பு, முறிவு, மீண்டும் பளபளப்பு என்று தெரிந்தால் கிளியரன்ஸ் போதவில்லை. தகடு வழக்கத்தைவிடத் தடித்திருக்கிறது, அல்லது வலுவான தரத்தில் வந்திருக்கிறது. 1.2க்குச் செய்த டையில் 1.6 தகட்டை ஓட்டினால் 6 சதவீதம் 4.5 ஆகிவிடும். பர் குறைவாகத் தெரிவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பன்ச்சின் ஆயுள் பாதியாவதற்கு இதுவே அடிக்கடி காரணம்.

## அறிகுறி: துளையின் அல்லது பிளாங்க்கின் அளவு மாறுகிறது

துளையின் அளவைப் பன்ச் தீர்மானிக்கிறது. பிளாங்க்கின் அளவை டை தீர்மானிக்கிறது. துளை சிறுத்தால் பன்ச்சின் பக்கச் சுவர் தேய்ந்திருக்கிறது. பன்ச்சை மாற்ற வேண்டும். பிளாங்க் மெல்ல மெல்லப் பெருத்தால் டையின் வாய் அகன்றிருக்கிறது. நேரான பகுதி இல்லாமல் வெட்டு முனையிலிருந்தே பக்கத்துக்கு அரைப் பாகை சரிவு கொடுத்த டைகளில், ஒவ்வொரு 1 மி.மீ. சாணைக்கும் பிளாங்க்கின் விட்டம் சுமார் 0.017 மி.மீ. கூடும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். பிளாங்க் அளவு வரைபட எல்லையைத் தொட்டுவிட்டால் புதிய டை இன்சர்ட்டைத் தவிர வேறு வழியில்லை.

## அறிகுறி: வளைவின் கோணம் நிலைக்கவில்லை

மெலிந்த தகடு அதே ஆரத்தில் அதிகமாகத் திரும்பி விரியும். தடித்த தகடு குறைவாகத் திரும்பும். சுவர்களுக்கு இடையில் தகட்டின் தடிமனுக்கே இடைவெளி வைத்த யு வடிவ டைகளில் இந்த விரிவு இன்னும் கூர்மையாகத் தெரியும். எனவே கோணம் விரிந்தால் முதல் கேள்வி தடிமன், இரண்டாவது கேள்வி தரம். அதே தடிமனில் வலுக்கூடிய தகடு வந்தாலும் விரிவு கூடும்.

ஒரே காயிலில் சில துண்டுகள் மட்டும் மாறினால், துண்டுகளை அடித்த வரிசையில் எண்ணிட்டு வைத்து, ஒவ்வொன்றின் தடிமனையும் கோணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். இருபது துண்டுகள் போதும். தடிமன் குறையும் இடத்திலெல்லாம் கோணம் விரிந்தால், தகடு வழங்கியவரிடம் பேசுவதற்கு அந்தத் தாளே ஆதாரம். தடிமன் நிலையாக இருந்து கோணம் மட்டும் ஆடினால், பிளாங்க் லொக்கேட்டரில் தளர்ந்து உட்காருகிறதா, அடியில் பேடின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, ராமின் ஷட் ஹைட் (ராம் இறங்கி நிற்கும் உயரம்) லாக் நட் தளர்ந்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பார்க்கவும்.

வளைக்கும் விசை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 10 சதவீதம் தடித்த தகட்டுக்கு 21 சதவீதம் கூடுதல் விசை வேண்டும். அடிவரை அழுத்திக் கோணத்தைக் கொண்டுவரும் டைகளில் தடித்த தகட்டைக் கவனிக்காமல் ஏற்றினால், கோணம் வருவதற்கு முன் பிரஸ் திணறிவிடும்.

டையில் வளைவின் ஆரத்தையோ கோணத்தையோ மாற்ற வேண்டும் என்ற முடிவு, குறைந்தது மூன்று வெவ்வேறு காயில்களில் அதே குறை தெரிந்த பிறகே எடுக்கத்தக்கது. அந்த மாற்றத்தையும் டூல் மேக்கரே செய்ய வேண்டும்.

## அறிகுறி: வளைவின் வெளிமுகத்தில் விரிசல்

முதலில் பிளாங்க்கைத் திருப்பிப் போட்டு ஒன்றை அடித்துப் பாருங்கள். பர் உள்ள பக்கம் வளைவின் வெளியில் வந்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும். அது உட்பக்கம் வர வேண்டும். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது, பெரும்பாலான விரிசல்கள் இதிலேயே நின்றுவிடுகின்றன.

அடுத்து ரோலிங் திசை. தகட்டின் மேல் மெல்லிய கோடுகளாகத் தெரியும் ரோலிங் திசைக்கு இணையாக வளைவுக் கோடு ஓடினால் தகட்டில் எளிதில் விரிசல் விழும். குறுக்காக ஓடினால் தாங்கும். இரு திசைகளிலும் வளைவுகள் உள்ள துண்டுகளுக்கு, பட்டையில் பிளாங்க்கை 45 பாகை சாய்த்து அமைப்பது உண்டு. ஸ்கிராப் கூடும் என்பதால் வாடிக்கையாளரோடு பேசிவிட்டுச் செய்ய வேண்டும். மூன்றாவதாகப் பன்ச்சின் ஆரம்: தடித்த தகடு வந்திருந்தால், அதே ஆரம் அந்தத் தகட்டுக்குக் கூர்மையானதாகிவிடுகிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தும் விரிசல் விழுந்தால் தகட்டின் தரமே தவறு. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

## அறிகுறி: டிராயிங் செய்த (இழுத்து ஆழமாக்கிய) கிண்ணத்தில் குறை

ஃபேன் கவர் போன்ற ஆழமான துண்டுகளில் தடிமன் செய்யும் சேட்டை மற்ற எல்லா வேலைகளிலும் செய்வதைவிட அதிகம். இங்கே 0.1 மி.மீ. மாற்றம் ஒரு நாள் உற்பத்தியையே குப்பைக்கு அனுப்பிவிடும். பன்ச்சுக்கும் டைக்கும் நடுவில் தடிமனைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக இடம் விட்டிருப்பார்கள், 1.2 தகட்டுக்கு அது 1.32. கிண்ணத்தின் வாய்ப் பக்கம் இழுபடும்போது தானாகவே தடிக்கும் என்பதால், 1.3 தகடு வந்தால் அதற்கு இடமே இருக்காது.

### அடி வளைவுக்குச் சற்று மேலே சுற்றிக் கிழிந்தால்

தகடு டைக்குள் இறங்க மறுத்து, பன்ச்சின் முனையில் இழுபட்டு மெலிந்து கிழிகிறது. எண்ணெயில் தொடங்குங்கள்: பிளாங்க்கில் எல்லா இடத்திலும் பூசப்பட்டிருக்கிறதா, வேறு எண்ணெய் மாறி வந்திருக்கிறதா, பன்ச்சின் முனையிலும் தாராளமாகப் பூசப்படுகிறதா என்று பாருங்கள். முனையில் எண்ணெய் கூடினால் நன்மை இல்லை. தகடு அங்கே வழுக்கி மேலும் மெலியும். எண்ணெய் வேண்டியது டையின் பக்கம்.

பிறகு பிளாங்க் ஹோல்டர், அதாவது இழுபடும் பிளாங்க்கின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் பகுதி. அதற்கு அழுத்தம் தரும் குஷனில் காற்றழுத்தம் வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்க்கவும். ஹோல்டருக்கும் டைக்கும் நடுவில் ஸ்பேசர் வைத்து இடைவெளியை நிர்ணயித்த டைகளில், தடித்த தகடு வந்தால் ஸ்பேசருக்குப் பதிலாகத் தகடே முழு அழுத்தத்தையும் வாங்கி இறுகிக்கொள்ளும். அடுத்து பிளாங்க்கின் விட்டம், பர். பர் உள்ள முகம் டையின் ஆரத்தில் உரசக் கூடாது. பின்னர் டையின் ஆரத்தை விரலால் தடவிப் பார்க்கவும். தகடு ஒட்டிய மேடு இருந்தால், இழுக்கும் திசையிலேயே எண்ணெய்க் கல் பிடித்து மெருகேற்ற வேண்டும். குறுக்கே தேய்த்தால் புதிய கீறல்கள் உருவாகும்.

எவ்வளவு மெலிகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. கிழியாத ஒரு கிண்ணத்தை நெடுக்காக அறுத்து, அடி வளைவுக்கு மேலே உருண்டை முனை மைக்ரோமீட்டரால் அளந்தால், 1.2 தகடு 1.0க்குக் கீழே போய்விட்டதா என்பது தெரியும். தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தால், இன்று கிழியாத கிண்ணம் நாளை கிழியும் என்று கொள்ளலாம்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகும் கிழிந்தால் தகட்டின் தரம் மிச்சம். ஐ.எஸ். 513 எனும் இந்தியத் தரநிலையில் வரும், குளிர்நிலையில் உருட்டிய தகடுகளில், ஓ தரம் என்று பழைய பெயரில் அழைக்கப்படும் சி.ஆர்.1 சாதாரண வேலைக்கானது. ஆழமாக இழுக்க டி.டி. எனப்படும் சி.ஆர்.3 அல்லது இ.டி.டி. எனப்படும் சி.ஆர்.4 வேண்டும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் உள்ள ஹீட் எண்ணும் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) காயிலின் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடவும். ஒவ்வாவிட்டால், இழுவைச் சோதனைக்கும் எரிக்சன் கிண்ணச் சோதனைக்கும் (தகடு கிழியும் வரை குழித்துப் பார்ப்பது) மாதிரியை என்.ஏ.பி.எல். (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கோவையில் சிடார்க், சென்னை கிண்டியில் எம்.எஸ்.எம்.இ. பரிசோதனை மையம் போன்றவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். அறிக்கை கைக்கு வரும் வரை அந்தக் காயிலைத் தனியே ஒதுக்கி, சிவப்புச் சீட்டு ஒட்டி வைக்கவும். இல்லாவிட்டால் இரவு ஷிப்டில் யாராவது எடுத்து ஏற்றிவிடுவார்கள்.

### வாயில் அல்லது சுவரில் சுருக்கம் விழுந்தால்

விளிம்பில் சுருக்கம் என்றால் ஹோல்டரின் அழுத்தம் குறைவு. மெலிந்த தகடு வந்து ஸ்பேசர் முன்னதாகவே தாங்கிக்கொண்டால் இதே விளைவு வரும். அழுத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் இருக்காது, ஸ்பேசரைத்தான் குறைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் சுருக்கம் என்றால் குஷன் பின்களில் ஒன்று குட்டையாகத் தேய்ந்திருக்கும். எல்லாப் பின்களையும் ஒரு சமதளத்தில் நிறுத்தி உயரம் பார்க்கவும். சுவரில் சுருக்கம் என்றால் பன்ச்சுக்கும் டைக்கும் நடுவில் இடம் அதிகம். மெலிந்த தகடு முதல் சந்தேகம்.

### சுவரில் நெடுங்கீறல், வாயில் காதுகள், பரப்பில் கோடுகள்

நெடுங்கீறலுக்குத் தடித்த தகடு, எண்ணெய், டையில் ஒட்டிய உலோகம் என்ற வரிசை பொருந்தும். வாய் அலைபோல் நான்கு இடங்களில் உயர்ந்து வருவது தகட்டின் இயல்பு. டையில் எதை மாற்றினாலும் முற்றிலும் போகாது, டிரிம்மிங்குக்குப் போதிய விளிம்பு விடுவதே வழி. ஆழமில்லாத பகுதிகளில் தீநாக்கு போன்ற கோடுகள் தெரிந்தால், தகடு கிடங்கில் பல மாதம் கிடந்திருக்கலாம். பெயின்ட் அடித்தாலும் அந்தக் கோடுகள் மறையாது; புதிதாக வந்த காயிலில் ஐந்து துண்டு அடித்து ஒப்பிட்டால் உறுதியாகிவிடும்.

## அறிகுறி: துளையின் கழிவுத் துண்டு மேலேறி வருகிறது

பன்ச்சோடு ஒட்டி மேலே வந்த துண்டு அடுத்த அடியில் தகட்டில் பள்ளம் போட்டுவிடும். தகடு மெலிந்து கிளியரன்ஸ் கூடியிருக்கிறதா என்று அளந்த பிறகு, பன்ச் டைக்குள் போதிய ஆழம் இறங்குகிறதா, எண்ணெய் தடித்துப் பசைபோல் ஒட்டுகிறதா, சாணை மேசையின் காந்தம் பன்ச்சில் தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். காந்தத்தை நீக்கும் கருவியில் ஒரு முறை இழுத்தாலே பல வேளைகளில் தீர்ந்துவிடும். அதன் பின்னும் ஏறினால் பன்ச்சில் எஜெக்டர் பின் வைக்க டூல் ரூமுக்கு அனுப்பலாம். நேரெதிராகத் துண்டுகள் டைக்குள்ளேயே அடைத்துக்கொண்டால் உடனே நிறுத்த வேண்டும்; அடைத்த நெடுவரிசையின் மேல் இன்னும் சில அடிகள் விழுந்தால் டை பிளந்துவிடும்.

## அறிகுறி: லேமினேஷன் அடுக்கின் உயரம் வரவில்லை

மோட்டார் ஸ்டாம்பிங் (மோட்டாரின் உள்ளே அடுக்கும் மெல்லிய தகடுகள், அதாவது லேமினேஷன்) அடிப்பவர்களுக்கானது இது. 0.50 மி.மீ. சிலிக்கான் எஃகில் 100 மி.மீ. அடுக்குக்கு 200 தகடுகள் என்று எண்ணினால், தகடு 0.48 ஆக வந்தபோது அதே 200 தகடுகள் 96 மி.மீ.தான் வரும். எண்ணிக்கையை வைத்து அடுக்காமல் எடையை வைத்து அடுக்க வேண்டும். உயரம் குறையாமல் கூடினால் பர் காரணம்: ஒவ்வொரு தகட்டின் பர்ரும் அடுத்த தகட்டைத் தூக்கி நிறுத்துகிறது. அதோடு பூச்சைக் குத்திக்கொண்டு தகடுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடுவதால் மோட்டார் சூடாகும். 0.50 தகட்டில் 5 சதவீதக் கிளியரன்ஸ் வெறும் 0.025 மி.மீ. என்பதால், இந்த டைகளைச் சாணை பிடிப்பதையும் பொருத்துவதையும் கார்பைடு டூல் ரூமுக்கே விட்டுவிட வேண்டும்.

## அறிகுறி: பிரஸ்ஸின் ஓசை மாறுகிறது

காதுக்குப் பழகிய அடியின் ஓசை கனத்தால், அடுத்த துண்டுக்கு முன் தகட்டை அளக்கவும். வெட்டு விசை என்பது வெட்டும் சுற்றளவு, தடிமன், வெட்டு வலிமை மூன்றின் பெருக்கம். 220 மி.மீ. விட்டமுள்ள ஃபேன் கவர் பிளாங்க்கை 1.2 தகட்டில் வெட்ட, வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு 350 நியூட்டன் என்று கொண்டால், சுமார் 29.6 டன் வேண்டும். 1.35 தகடு ஏறினால் அது 33.3 டன். பன்ச்சிலிருந்து தகட்டைக் கழற்றும் ஸ்ட்ரிப்பர் விசை இதற்கு மேல். 40 டன் பிரஸ்ஸுக்கு முதலாவது பொறுக்கக்கூடிய சுமை. இரண்டாவதை நாள் முழுவதும் கொடுப்பதை நான் அனுமதிப்பதில்லை. பிரஸ்ஸின் தட்டில் எழுதியுள்ள டன்னேஜ் கீழ்ப்புள்ளிக்குச் சற்று மேலே மட்டுமே கிடைக்கும். உயரத்தில் தொடங்கும் டிராயிங்குக்கு அந்த அளவு கிடைக்காது.

தகடு சரியாக இருந்தும் ஓசை கனத்தால், முனை மழுங்கலும் பன்ச் தேவைக்கு மேல் ஆழம் இறங்குவதும் அடுத்த காரணங்கள். ஓசை கனப்பதோடு அதிர்வும் கூடினால் அடித்தள போல்ட், கனெக்டிங் ராடின் பால் சீட், ஃப்ரேமில் விரிசல் ஆகியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும். சி ஃப்ரேம் பிரஸ்ஸில் தொண்டைப் பகுதியின் உள்மூலையில் பெயின்ட் மெல்லிய கோடாக வெடித்திருந்தால், அது பெயின்ட் வெடிப்பாக மட்டும் இருக்கும் என்று நம்பி ஓட்டக் கூடாது.

### ஒரு முறை மிதித்தால் இரு முறை அடித்தால்

இதற்கு மட்டும் காரணங்களின் பட்டியல் தரவில்லை, ஏனென்றால் ஆபரேட்டரோ செட்டரோ சோதித்துப் பார்க்கத்தக்க காரணம் எதுவும் இதில் இல்லை. கீ கிளட்ச் பிரஸ்ஸில் கீயோ அதன் ஸ்பிரிங்கோ பிரேக்கோ பழுதானால், ராம் மேலே நிற்காமல் மீண்டும் இறங்கும். முதல் முறை நடந்த அந்த நொடியிலேயே மெயின் சுவிட்சை அணைத்து, ஃப்ளைவீல் நின்றதும் சேஃப்டி பிளாக் வைத்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். அன்றைய டெலிவரி எவ்வளவு அவசரமானாலும், இன்னும் நூறு துண்டுதான் மிச்சம் என்றாலும், கிளட்சைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் எழுத்தில் கொடுக்கும் வரை அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது.